சமயநல்லூரில் புகை ஒழிந்த வரலாறு

மதுரை எத்தனையோ வள்ளல்களைக் கண்டதுண்டு. ஆனால் ஊரார் அடுப்புக்காக உருகிய வள்ளல் எங்கள் தலைவர் உக்கிரபாண்டி ஒருவர்தான். தம் வீட்டு அடுப்பை அவர் பார்த்ததில்லை. பாராத பொருளுக்காக உருகுவது லேசான காரியமா?

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன், விறகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே தலைவர் 'புகை ஒழிப்பு மற்றும் விறகுச் சிக்கன சங்கம்' கண்டார். நான் காரியதரிசி. "மூன்று கல் அடுப்பு நாகரிகத்துக்கு விரோதம்" என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

சீர்திருந்தும் பாக்கியம் சமயநல்லூருக்குக் கிடைத்தது. முத்துத்தாய் என்ற கூலிக்காரப் பெண்ணின் குடிசைக்குப் போனோம். அவள் இடுப்பில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.

"பாதி விறகுல சோறு வேகுற அடுப்பு தாரோம்மா. புகையெல்லாம் குழாய் வழியா மேல போயிரும்" என்றார் தலைவர்.

"அம்புட்டுமா சாமி?" அவள் முகம் மலர்ந்தது. "புள்ளைக்கு இருமல் நின்னுருமா?"

"நிக்கும். தீர்மானத்துலயே இருக்கு."

ஊர் முழுக்க அடுப்புக் கட்டச் செங்கல் வேண்டும். செங்கல் சுட விறகு வேண்டும். கண்மாய்க்கரைக் கருவேல மரங்களை வெட்டினோம். முத்துத்தாயின் புருஷன் பேயாண்டி ஓடிவந்தான்.

"அய்யா, இதுல உதிர்ற சுள்ளிதான் ஊருக்கே வெறகு. இதையும் வெட்டுனா நாங்க எதை எரிக்கிறது?"

"விறகை மிச்சம் பிடிக்கணும்னா கொஞ்சம் விறகு செலவாகத்தான் செய்யும், பேயாண்டி" என்றேன்.

"கொஞ்சமா? ஒரு மரம்கூட மிச்சமில்லையே!"

எங்கள் சங்கம் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

சூளைப் புகை ஒரு வாரம் ஊரை மூடிக் கிடந்தது. அது 'வெளிப்புகை'. நாங்கள் ஒழிக்க வந்தது 'உள்புகை'.

திறப்பு விழா முத்துத்தாய் வீட்டில். தலைவர் புது அடுப்புக்கு மாலை போட்டார். குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, எல்லோருக்கும் காட்டினார். விரலில் பொட்டுக் கரி இல்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"எரிச்சாத்தானே சாமி கரி பிடிக்கும்?" என்றாள் முத்துத்தாய். "சுள்ளியும் இல்ல, வரட்டியும் இல்ல. எல்லாத்தையும் சூளைக்கு அள்ளிட்டாகளே. ரெண்டு நாளா அரிசிய ஊற வச்சுத்தான் புள்ளைக்கு ஊட்டுறேன். வயித்தால போகுது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சங்க அறிக்கைக் காகிதத்தைப் பார்த்தேன். 'விறகுச் செலவு: அறவே இல்லை' என்று எழுதினேன். சோறு எங்கள் நோக்கங்களில் இல்லாததால் அதைப் பற்றி எழுதவில்லை.

அவள் அழுதாள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீருக்குப் புகை காரணமல்ல என்று சங்கத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன்.