சீனியக்கா சொன்னதும் மாத்தயா சொன்னதும்

திருகோணமலைத் துறைமுகக் கரை முழுவதிலும் சீனியக்காவைப் போல மரியாதையாகப் பொய் சொல்லக்கூடிய ஒரு மனிதப் பிறவி இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. இதைக் கோணமலை உச்சியில் ஏறி நின்று சொல்லவும் நான் தயார். அந்தப் பொய்யை முதன்முதலாகக் கேட்ட அன்று என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. உடைத்தது நான்தான் என்று பட்டறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அநியாயம்!

எங்களுடையது படகு இஞ்சின் திருத்தும் பட்டறை. நான் அங்கே கந்தோர்க் கிளார்க். முதலாளி மாத்தறைக்காரர், எல்லோருக்கும் மாத்தயா, சிங்களத்தில் 'ஐயா' மாதிரி. அவருக்குச் சிங்களம் மட்டும்தான் பேசத் தெரியும். அதையும் பேசமாட்டார், கத்துவார். தலைமை மெக்கானிக் நாகராசா அண்ணை. சந்தையில் மீன் விலை கேட்கிற அளவுக்கு அவருக்குச் சிங்களம் தெரியும். மாத்தயா கோபத்தில் கொட்டுகிற வேகத்துக்கு அது காணாது. இந்த இருவருக்கும் நடுவில், நட்டுகளும் போல்ட்டுகளும் நிறைந்த ஸ்டோர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் சீனியக்கா. நீர்கொழும்பில் பிறந்து வளர்ந்து, இங்கே மாதா கோயில் ஒழுங்கைக்குக் கலியாணம் கட்டி வந்தவர். புருஷன் கண்மூடிய பிறகு சோற்றுக்கும் மருந்துக்கும் இந்த வேலை ஒன்றுதான் கதி. இரண்டு மொழியும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பட்டறையில் யார் யாருக்கு எதைச் சொன்னாலும் அது அக்கா வழியாகத்தான் போகும்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தபடியால்தான் அந்தப் பெயர். தேத்தண்ணிக்கு ஒரு தூள் சீனி போடமாட்டார். மிச்சம் பிடித்த சீனியெல்லாம் எங்கே போகிறது என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அன்று மாத்தயா வந்தார். முகம் சிவந்த செத்தல் மிளகாய். நாகராசா அண்ணைக்கு முன்னால் நின்று, "நீ பூட்டிய இஞ்சினைவிட என் வீட்டு அம்மி வேகமாக ஓடும், உன்னை அதே இஞ்சினோடு கட்டிக் கடலில் இறக்கினால்தான் எனக்கு நித்திரை வரும்" என்ற கருத்துப்படச் சிங்களத்தில் முழங்கினார். நான் கண்டியில் சில காலம் வேலை பார்த்தவன், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இனி அடிதடிதான் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

சீனியக்கா தலையைச் சரித்து நிதானமாகக் கேட்டார். பிறகு நாகராசா அண்ணையிடம் திரும்பினார்.

"அண்ணை, இந்தக் கச்சான் காத்து வெக்கைக்குள்ள நீங்கள் நிண்டு கஷ்டப்படுறது மாத்தயாவுக்குச் சரியான கவலையாம். ஏலுமெண்டால் அந்த இஞ்சினை இன்னொருக்காப் பாப்பமோ எண்டு கேக்கிறார்."

கோப்பை விழுந்தது அப்போதுதான்.

நாகராசா அண்ணை லேசுப்பட்டவரா? "உந்தக் கிழட்டு மாட்டுக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியுமாம்? வாயைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ!" என்றார். அக்கா மாத்தயாவின் பக்கம் திரும்பி, பூப்போன்ற சிங்களத்தில், "மாத்தயா சொன்னால் பிழையிருக்காது, நாளைக் காலை முதல் வேலை அதுதான் என்கிறார்" என்றார். மாத்தயாவின் மூச்சு தணிந்தது. "ம்" என்றார். அந்த ஒரு "ம்"மை அக்கா தமிழில் சொல்லி முடிக்க ஒரு முழுப் பத்தி தேவைப்பட்டது. அதில் நாகராசா அண்ணையின் பிள்ளைகளைச் சுகம் விசாரித்ததும் அடக்கம்.

பகிடியா இது? அன்று பின்னேரமே ஸ்டோருக்குள் போனேன்.

"அக்கா, அந்த மனுசன் சொன்னது ஒண்டு, நீங்கள் சொன்னது ஒண்டு. இது பச்சைப் பொய்யெல்லோ?"

"பொய்யோ?" அக்காவுக்கே அதிர்ச்சி. "தம்பி, மாத்தயாவின்ர வாயில இருந்தது எனக்கெதுக்கு? மனசில இருந்ததைச் சொன்னனான். இஞ்சின் சரியா ஓடவேணும். அதுதானே அவற்ற மனசில கிடக்கு?"

"கோயில்ல பாதரிட்ட இதைச் சொல்லிப் பாவமன்னிப்புக் கேக்கிறனீங்களோ?"

"சொன்னனான். பாதர் தன்ர குசினிக்காரனோடயும் கதைச்சுத் தரச் சொல்லிக் கேட்டவர்."

நான் கந்தோருக்குத் திரும்பி வந்தேன்.

வார்த்தையை மாற்றலாம், சரி. முகத்தையும் குரலையும் எப்படி மாற்றுவது என்று கேட்பீர்கள். அதற்கும் ஏற்பாடு இருந்தது. மாத்தறைப் பக்கம் கடல் இரைச்சல் அதிகம், அங்கே தாய் பிள்ளையைக் கொஞ்சுவதும் கத்தித்தான் என்று அக்கா பட்டறை முழுவதையும் நம்பவைத்திருந்தார். ஒரு நாள் நாகராசா அண்ணை பொறுக்கமாட்டாமல் கையிலிருந்த ஸ்பனரை மாத்தயாவின் காலடியில் ஓங்கி எறிந்தார். சிமெந்துத் தரை வெடித்தது. தொலைந்தது, இதை யார் மொழிபெயர்க்கப்போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா சிங்களத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: "பெரியவர் முன்னால் கையில் இரும்பு வைத்திருப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதையில்லை மாத்தயா, அதுதான் கீழே போட்டுவிட்டார்." மாத்தயா நெகிழ்ந்துபோய், தன் கையிலிருந்த குடையையும் கீழே போட்டார். கடவுளே, கடவுளே!

இதில் பயங்கரம் என்னவென்றால், இருவரும் அதை நம்பினார்கள். மாத்தயாவின் தாய் இறந்தபோது நாகராசா அண்ணை வேன் பிடித்து மாத்தறைக்குப் போய், மூன்று நாள் நின்று, செத்தவீட்டுக் கூடாரத்துக்குக் கம்பு நட்டுவிட்டு வந்தார். நாகராசா அண்ணையின் மகளின் கலியாணத்துக்கு மாத்தயா வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பந்தியில் சோறு பரிமாறினார். ஒருவரை ஒருவர் நாள்தோறும் மாடு, கழுதை என்று திட்டிக்கொண்டே இரண்டு பேர் உயிர்ச் சிநேகிதர்களானதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. அக்காவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். அதே காலையில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்குத் திருத்திக் கொடுத்த படகு, வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போய் நடுக்கடலில் நின்றுவிட்டது. ஹோட்டல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மாத்தயா, புயல்போலப் பட்டறைக்குள் நுழைந்தார்.

கத்தினார். நாகராசா அண்ணை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பினார். அங்கே அக்கா இல்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ கண்டியில இருந்தனிதானே. என்ன சொல்லுறார்?"

"எனக்கு உது வடிவா விளங்காதண்ணை" என்று சொல்லிக்கொண்டே அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். வீரம் பேசுகிறவர்கள் வந்து அந்த இடத்தில் நின்று பார்க்கட்டும்.

அப்போதுதான் எங்கள் வெல்டர், கிண்ணியா ரபீக், நல்ல மனதோடு அந்தப் பாதகத்தைச் செய்தார். "இதுக்கு என்னத்துக்கு யோசிக்கிறீங்க? போன்ல இரிக்கி. சிங்களத்துல சொன்னா தமிழ்ல சொல்லும்" என்று தன் போனை இஞ்சின் மூடிமேல் வைத்தார். மாத்தயா அதைப் பார்த்துக் கர்ஜித்தார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல அமைதியாகச் சொன்னது:

"நீ ஒரு கழுதை. உன்னை வேலைக்கு வைத்திருக்கும் நான் அதைவிடப் பெரிய கழுதை."

நாகராசா அண்ணை கிரீஸ் துணியால் போனின் முகத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"ரபீக், உன்ர போன் பழுது" என்றார் நாகராசா அண்ணை. "மாத்தயா அப்பிடிக் கதைக்கிற மனுசனில்லை."

ரபீக் திரும்ப அமுக்கினார். மாத்தயா திரும்பக் கத்தினார். "உன் மூளையைக் காகம்கூடக் கொத்தாது" என்றது அந்தக் குரல். நாகராசா அண்ணையின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது. போனைப் பார்த்து அவரும் தன் பங்குக்கு இரண்டு வசனம் சொன்னார். அதை அந்தப் பெண் சுத்தமான சிங்களத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். மாத்தயா கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்குள் இவ்வளவு காலமும் யாரோ அந்நியன் படுத்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள்போல் பார்த்தார்கள். நாகராசா அண்ணை சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மாத்தயா என்னைக் கூப்பிட்டு, "அந்த மனுஷிக்கு நாளையோடு வேலை இல்லை" என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

மறுநாள் காலை அக்கா வந்தார். கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பை கையிலேயே இருந்தது. ரபீக் வாசல் படலையிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தார், அழாக்குறையாக. நாகராசா அண்ணையும் ஸ்பனரும் சுத்தியலும் கிடக்கும் தன் ஆயுதப் பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். மாத்தயா கந்தோர் வாசலில் நின்றார். அக்கா நேராக வந்து இருவருக்கும் நடுவில், தான் வழமையாக நிற்கும் இடத்தில் நின்றார்.

"என்னை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. நான் செய்தது பிழையெண்டு நீங்கள் ரெண்டு பேரும் சொன்னால் பிழைதான்" என்றார், முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். "போக முதல் ஒருக்கா ஒழுங்கா என்ர வேலையைச் செய்துபோட்டுப் போறன். இண்டைக்கு ஒரு சொல்லும் மாத்தமாட்டன். சொன்னதைச் சொன்னபடி சொல்லுவன். கதையுங்கோ."

மாத்தயா வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். மூடினார். நாகராசா அண்ணை தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். சொன்னது சொன்னபடி போய்ச் சேரும் என்று தெரிந்ததும், உலகத்திலேயே பெரிய வாய்கள் இரண்டுக்கும் ஒரு சொல் அகப்படவில்லை. திருகோணமலைத் தெருக்களில் மாடுகளைப்போலத் திரியும் புள்ளிமான்களில் ஒன்று படலைக்குள் தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசியில் மாத்தயா தரையைப் பார்த்துக்கொண்டு, கத்தாமல், சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

அக்கா அசையாமல் நின்றார். கண் கலங்கிவிட்டது. "அண்ணை, காலமைச் சாப்பாடு சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறார்."

நாகராசா அண்ணை சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தம்பி! உண்மையாவே அப்பிடித்தான் கேட்டவரோ? இல்லை, இவ திரும்பவும் தொடங்கிட்டாவோ?"

"சத்தியமா அண்ணை" என்றேன். எனக்கே நம்பமுடியவில்லை. "ஒரு சொல் மாத்தேல்ல."

நாகராசா அண்ணை கொஞ்ச நேரம் ஆயுதப் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றார். மாத்தயா உள்ளே போய்த் தன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துவந்து பிரித்து இஞ்சின் மூடிமேல் வைத்தார். அக்காவை வேலையிலிருந்து நிறுத்துகிற கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமையே மாத்தயா பழையபடி கத்தத் தொடங்கினார், சந்தேகமே வேண்டாம். நாகராசா அண்ணை தலையைச் சரித்து, "என்னவாம் அக்கா?" என்பார். "வெயிலுக்குள்ள நிக்கவேண்டாமாம்" என்பார் அக்கா. நாகராசா அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு, தானும் நாலு திட்டுத் திட்டுவார். அது பூவாகி மாத்தயாவிடம் போகும். மாத்தயாவும் மீசைக்குள் சிரிப்பார். ரபீக் அந்த மொழிபெயர்ப்புச் செயலியைத் தன் போனிலிருந்தே அழித்துவிட்டார்.

நான் இப்போது கொழும்பில் வேறொரு கந்தோரில் இருக்கிறேன். என் மேலதிகாரியும் தமிழர், நானும் தமிழன். நடுவில் யாரும் தேவையில்லாத இடம். சென்ற கிழமை அவர் எல்லோர் முன்னிலையிலும் என்னை வறுத்தெடுத்தார். நான் என்னையறியாமல் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

வெட்கத்தை விட்டு அன்று மாலை அக்காவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை அழுவாரைப்போல் சொன்னேன்.

"அவர் என்ன சொன்னவர், அப்பிடியே சொல்லும்" என்றார். சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

தலையைச் சரித்துக் கேட்டிருப்பார், எனக்குத் தெரியும்.

"தம்பி, உமக்கு விளங்கேல்ல" என்றார் சீனியக்கா. "நீர் இல்லாட்டித் தன்ர கந்தோர் ஒரு நாளும் ஓடாதாம். நேரத்துக்குச் சாப்பிடட்டாம்."

"ஓம் அக்கா" என்றேன். எனக்கு நம்பவேண்டும்போல் இருந்தது. நம்பினேன்.