மத்தங்காய் வழக்கு

நல்லேப்பிள்ளி,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை பூபதிராஜாவுக்கு, மச்சான் குப்பண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அக்கா மயிலாத்தாளும், மாடுகள் நான்கும் சுகம். பொள்ளாச்சியில் நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க அம்மன் துணை. போனில் சொன்னால் உங்கள் அக்கா பிடுங்கிக்கொண்டு தன் கட்சியைப் பேசுவாள் என்பதால் கடிதம்.

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் தமிழ்ப்ரியா. நாலாம் வகுப்பு. கல்பாத்தியிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்ரீரஞ்சனி டீச்சர் என்னை வரவழைத்து, பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றார். நான் விடுவேனா, என் கண்ணெதிரே வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளையும் தடங்கல் இல்லாமல், "சந்தையில் பெரிய மத்தங்காய்" என்று வாசித்தாள். நாம் மத்தங்காய் என்பதைப் புத்தகத்தில் பூசணிக்காய் என்று எழுதியிருந்ததாம். மத்தங்காயைப் பார்த்து மத்தங்காய் என்பது ஒரு குற்றமா மாப்பிள்ளை? டீச்சர் அசரவில்லை, படத்தைக் கையால் மூடிவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னார், பிள்ளை என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், புத்தகத்தை மட்டும் பார்க்கவில்லை. "இவ வாசிக்கலை, படத்தைப் பாத்து ஊகிச்சுச் சொல்றா. கெட்டிக்காரி, அதான் மூணு வருஷமா யாருக்கும் தெரியலை" என்றார். சரி, நாலு போடுங்க என்றேன். அடிக்க மாட்டாராம். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லவும் மாட்டாராம். தினமும் மதியச் சோறு ஆனதும் தனியே உட்காரவைத்து, நடுவில் ஓட்டை வெட்டிய அட்டையை வரிமேல் நகர்த்தி, எழுத்துக் கூட்டச் சொல்லித் தருவாராம். குப்பண்ணன் மகளுக்கு ஓட்டை அட்டை! ஊர் சிரிக்காதா? போதாக்குறைக்கு, "ஆத்துல குழந்தை முன்னாடி யாராவது வாசிப்பேளா?" என்று ஒரு கேள்வி. டீக்கடையில் தினமும் மலையாளப் பேப்பரைப் பத்துப் பேர் கேட்க நான்தான் வாசிக்கிறேன், மகளும் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து, பிள்ளையை உங்கள் ஊர் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடவும். போகமாட்டேன் என்று அழுகிறாள், அதைப் பார்க்க வேண்டாம். உங்கள் அக்காவும் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, அதுவும் நல்லதற்கே. பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னதுகளுக்கு என் ஆசியும் குறைவில்லாமல் சேரட்டும்.

இப்படிக்கு,
குப்பண்ணன்

பின்குறிப்பு: காரை எடுக்க வேண்டாம். இன்று காலை, கடிதத்தைத் தபாலில் போடுமுன், பிள்ளை டீச்சர் கொடுத்த அந்த ஓட்டை அட்டையோடு டீக்கடைக்கு வந்தாள். நான் பேப்பரை விரித்ததும் படத்தின் மேல் அட்டையை வைத்து, "இப்பப் படிங்கப்பா" என்றாள். கண்ணாடியெ ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னேன். அது மூக்கு மேலதான் இருந்துச்சு. புள்ள என் காதுக்குள்ள, "தெரியலீன்னா பரவால்லீங்கப்பா, எங்க டீச்சர் சிரிக்க மாட்டாங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கு மலையாளம் பேச வரும் மாப்பிள்ளை, ஒரு எழுத்துத் தெரியாது. இருபது வருஷமா நானும் படத்தைப் பாத்துத்தான் வாசிக்கிறேன். நாளை மதியம் அவ பக்கத்துல நானும் மலையாள எழுத்துக் கூட்ட உட்காரப் போறேன். அப்புறம், இங்க இருக்கற உங்க கீழக்காட்டுக்குப் பத்தாந்தேதி வாய்க்கால் தண்ணி வருதுன்னு ஒரு மலையாள நோட்டீசை வாசிச்சுச் சொன்னேனே, அதெ வேற யாருகிட்டயாச்சும் காட்டிக் கேட்டுக்குங்க. அதுல அணைக்கட்டுப் படம் போட்டிருந்துச்சு.