டெட்டீரியரேட் சார்

உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் ஒரே இங்கிலீஷ் வார்த்தையில் அடக்கிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆபீசில்தான் இருந்தார். மெல்ல மெல்லக் கெட்டுப்போவதைச் சொல்லும் ‘டெட்டீரியரேட்’தான் அந்த வார்த்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் டெட்டீரியரேட் சார்.

தர்மபுரியில் நான் கிளார்க். அவர் அரசுக் கட்டடங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஓவர்சியர். விரிசல் விட்ட சுவர்களுக்கு எழுதி எழுதி வார்த்தை நாக்கிலேயே தங்கிவிட்டது. காலையில் மொறுமொறுவென்று இருந்த போண்டா மத்தியானம் டெட்டீரியரேட். அதிகாரியின் குணம், கேன்டீன் சட்னி, அவருடைய சொந்த முழங்கால், எல்லாம் அதே.

“உடஞ்சா ஊருக்கே கேக்கும்மா. இது சத்தமே போடாது. அதான் விசேஷம்” என்பார்.

பெயின்ட் வாசனைகூடப் போகாத புதுக் கட்டடத்துக்கும் ஒருமுறை அதையே எழுதிவிட்டார். இன்ஜினியர் கத்தினார்.

“யோவ், நேத்துதானய்யா ரிப்பன் வெட்னோம்!”

“வெட்டுனதுல இருந்தே ஆரம்பிச்சிடுதுங்க சார்.”

என் கல்யாண மேடையில் ஏறி வந்து காதோரம் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு முன்தலை டெட்டீரியரேட் ஆவுதும்மா. பரவால்ல, பாத்துப் பராமரிச்சுக்க.”

பிறகு ரிட்டயர் ஆகி மொரப்பூர் போய்விட்டார்.

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது டெங்கு வந்தது. ஐசியூ வாசலில் இளம் டாக்டர், “கண்டிஷன் டெட்டீரியரேட் ஆவுதுங்க” என்றார். இத்தனை வருஷம் சிரித்த வார்த்தை. விஷயம் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்திருந்த சார், பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“டாக்டர் தம்பி, அது செவுத்துக்குச் சொல்றதுங்க. வளர்ற புள்ளைக்குப் போடக்கூடாது.”

“வேற என்னங்க சொல்றது?”

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேறு வார்த்தை தேடினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

“களைச்சிருக்குன்னு சொல்லுங்க.”

மறுநாள் டாக்டர் ‘களைச்சிருக்கு’ என்றுதான் சொன்னார். அதற்கடுத்த நாள் வெளியே வந்தவர், என்னைத் தாண்டி சாரைப் பார்த்து, “களைப்பு தெளியுதுங்க ஐயா” என்றார். சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் இப்போது காலேஜ் போகிறாள். அந்த டெங்குவுக்குப் பிறகு அவள் தும்மினாலே எனக்குப் பயம். டாக்டரிடம் போகவா என்று உடனே மொரப்பூருக்கு, சாருக்குப் போன் போடுவேன். “தும்மலுக்கெல்லாமா டாக்டரு? மொதல்ல நீ ஒரு காப்பி குடிம்மா!” என்று அதட்டுவார்.

போன தை மாதம் அவர் போய்விட்டார்.

நேற்று மகளுக்கு ஜலதோஷம். வீட்டில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதட்டத்தான் ஆளில்லை.