எனக்கு மட்டும் வெள்ளை ஸ்டிக்கர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, மலேசியா கேமரன் மலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை பாஞ்சாலை வணங்கி எழுதுவது. நானும் வயிற்றில் இருக்கும் ஆறு மாதப் பிள்ளையும் சுகம். அந்தச் சுகம்தான் இப்போது என் தொல்லை. போனில் சொன்னால் மாமியார் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக்கில் ஒரு புத்தகம் கொடுத்து, அட்டையில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு சசிரேகாவுக்கு மஞ்சள். எனக்கு வெள்ளை. தாலி கட்டி வந்தவளுக்கு வெள்ளையா அக்கா? மஞ்சள்காரியைக் கூட்டிப்போக வேன் வருகிறது, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்க்கிறார். என் மாமியார் அவளுக்குப் பாகற்காய் சமைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார். என்னிடம், "உனக்குத்தான் ஒண்ணும் இல்லலா, துணிய மடி" என்கிறார், இந்த ஊர் 'லா' போட்டு. என் வீட்டுக்காரர் குணாளன், தேயிலை லோரி ஓட்டுகிறவர், அவளுடைய பையை வேன் வரைக்கும் தூக்கிப் போகிறார்! என் பையை என்றைக்காவது தூக்கியிருப்பாரா இந்த மனுஷன்?

நர்ஸை இங்கே மிஸி என்பார்கள். மிஸி மேவிஸிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். "வெள்ளைன்னா நல்லதுலா. அவளுக்கு இனிப்பு நீர் இருக்கு, அதான் மஞ்சள்" என்றார். சர்க்கரை வியாதியைத்தான் அப்படிச் சொல்கிறார். கிடைக்காதவளைச் சமாதானப்படுத்துகிற பேச்சு எனக்குத் தெரியாதா? சரி, பார்த்துவிடுவோம் என்று டீயில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் குடிச்சேன். கிளினிக்குல ரத்தம் பாத்தாங்க, ஒண்ணும் ஏறல. தூக்கம் போனதுதான் மிச்சம். அவ என்னடான்னா வேன்ல ஜன்னலோரமா உக்காந்து எனக்கு டாட்டா காட்டுறா, திமிர் பிடிச்சவ! எனக்கு வயிறு எரியுதுக்கா.

அதனால நம்ம மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வை. எனக்கு மஞ்சள் ஸ்டிக்கர் கிடைச்சா பொங்கல் வைக்கிறேன்னு சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரையும் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை பாஞ்சாலை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மிஸி மேவிஸ் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார். ஏறிக்கிடக்கிறதாம். "மனசுல என்னத்தம்மா போட்டு உருட்டுற?" என்று கேட்டுவிட்டு மஞ்சளை ஒட்டிவிட்டார். அக்கா, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு, இதக் கிழிச்சிட்டு வேற கடிதம் எழுத மனசு ஓடல. வேன் நாளைக்குத்தான், இவர் இப்பவே என் பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். ஜன்னலோர இடத்த எனக்குத் தர்றேன்னு சசிரேகா வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. மேலே கேட்டதை அம்மன் காதுல போட்டுடாதே. அவளுக்கும் எனக்கும் வெள்ளை கிடைக்கணும்னு வேண்டிக்க.