திருப்பி வைக்க வந்தவர்

"ஏங்க, இது உங்க கோட்டு இல்ல."

மனைவியின் குரலுக்குப் பேராசிரியர் நிமிரவில்லை. பிறர் எழுதிய குற்றவியல் தீர்ப்புகளுக்கு விமர்சனம் எழுதி எழுதியே முதுகு வளைந்தவர் அவர். மாலைக்குள் சட்ட இதழுக்குப் போயாக வேண்டிய கட்டுரையின் கடைசி வரியில் இருந்தார்.

வழக்கு சிறியதுதான். விடுதி அறை ஒன்றின் ஜன்னலில், மேசைக் கடிகாரமும் கையுமாக ஒருவன் பிடிபட்டான். "அறையைக் காலி பண்ணும்போது தவறி என் பெட்டிக்குள்ள வந்துடுச்சு. திருப்பி வைக்கத்தான் வந்தேன்" என்றானாம். நீதிபதியும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்துவிட்டார். மேல்முறையீடு அடுத்த வாரம். அரசு வழக்கறிஞர் இந்தக் கட்டுரையைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

பேராசிரியர் எழுதி முடித்தார்: 'திருப்பி வைக்க வருபவன் வாசல் வழியாக வருவான். ஜன்னல் வழியாக வருபவனை நம்புவது கருணையன்று, சோம்பல்.'

"காது கேக்குதா? யானைக்குத் தைச்ச மாதிரி இருக்கு. பையில தங்க மூடி போட்ட பேனா வேற."

பேராசிரியர் பேனாவை வாங்கிப் பார்த்தார். அரசு வழக்கறிஞரின் பெயர் பொறித்திருந்தது. நூலகத்து ஆணியில் பக்கத்தில் தொங்கிய கோட்டு!

"போன் பண்ணி, மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"எப்படிடி சொல்றது? 'தவறி எடுத்தேங்கறது கோர்ட்ல விலைபோகாத சரக்கு'ன்னு காலையிலதான் அவன்கிட்டயே பேசிட்டு வந்தேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்."

"அப்ப?"

"யாரும் பாக்குறதுக்குள்ள மாட்டிட்டு வந்துடறேன்."

கட்டுரையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கோட்டைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டார்.

நூலக வாசலில், சில மாதங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த காவலாளி எழுந்து வணங்கினான்.

"பையில என்ன சார்?"

"சலவைத் துணி" என்றது நாக்கு, அவரைக் கேளாமலே.

"சலவைக் கடை எதிர்ப்பக்கம் சார். வாங்க, ரோட்டைத் தாண்டி விடறேன்."

கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கடையிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பினான் அந்தப் புண்ணியவான். கடைக்காரர் பையைப் பிடுங்கினார்.

"கஞ்சி போடணுமா சார்?"

"ஒண்ணும் வேண்டாம், குடுய்யா!"

"அழுக்கா இருக்கே சார்!"

இழுபறியில் ஒரு பொத்தான் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. மீண்டு வந்தபோது நூலகம் உணவு இடைவேளைக்குப் பூட்டியிருந்தது.

பின்புறம் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்தார். தம் முழங்கால்களையும் பார்த்துக்கொண்டார். ஒரு பெருமூச்சோடு, கைகள் காலியாக இருக்கட்டுமென்று கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருந்த வேளையில் கோட்டு கொக்கியில் சிக்கி, 'டர்ர்' என்று கிழிந்தது. பேனா உள்ளே விழுந்து நெடுந்தூரம் உருண்டு, ஒரு செருப்பில் முட்டி நின்றது.

உள்ளே சாப்பிட உட்காரப்போன காவலாளி குனிந்து அதை எடுத்தான். மூடியில் இருந்த பெயரைப் படித்தான். பொறியில் அகப்பட்ட எலி எதைப் பேசினாலும் மசால்வடை வாசனைதானே வீசும்? பேராசிரியர் வேறு நூறு வாக்கியங்களைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"தவறி வந்துடுச்சுப்பா. திருப்பி வைக்கத்தான் வந்தேன்."

"தெரியும் சார்."

"நம்பறியா? ஏன் வாசல் வழியா வரலைன்னு கேக்க மாட்டியா?"

காவலாளி அவருடைய காலைப் பதமாகத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டான்.

"வாசல்ல போய் நிக்கக் கூச்சமா இருக்கும் சார், அந்த மேசைக் கடிகாரத்தை வைக்க நானும் ஜன்னல் வழியாத்தான் போனேன்."