உஷ் சாரின் இடது காது

தர்மபுரி டவுனில் கரண்ட் போனால் முகம் மலர்கிற ஒரே மனிதர் எங்கள் உஷ் சார்தான். கரண்ட் இல்லாவிட்டால் அவருடைய பாட்டுப் பெட்டியும்தான் ஓடாது. அதைப் பற்றிக் கவலையே படமாட்டார். "இப்ப எந்த வூட்டுலயும் மிக்ஸி ஓடல பாருங்க" என்று வாசலில் வந்து நின்று சிரிப்பார்.

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. சர்க்கார் ஆபீஸில் வேலை, சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. லைன் வீட்டில் எனக்கு அடுத்த போர்ஷன். யாராவது தும்மினால் "உஷ்!" என்பார். குக்கர் விசில் அடித்தாலும் "உஷ்!"தான். குக்கர் மட்டும் அவர் பேச்சைக் கேட்டதே இல்லை.

எல்லாம் ஒரு ஹெட்போனுக்காக. எலக்ட்ரோஸ்டேட்டிக் என்று ஒரு வகை. காதுக்குக் காது இரண்டு சல்லடைத் தகடு, நடுவில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஓர் ஏடு, அதற்குக் கரண்டை ஏற்றிக் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி. "பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குங்க" என்பார். வாஸ்தவம்தான், நானே கேட்டிருக்கிறேன். அதற்காக நாங்கள் மூச்சு விடக் கூடாதா?

ஆயுத பூஜை லீவுக்கு வழக்கம்போல் சாவியை ஹவுஸ் ஓனர் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியவர், மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்துவிட்டு என் கதவை இடித்தார்.

"இடது காதுல பொரபொரன்னு பொரியுதுங்க! உங்க வூட்டுல என்ன போட்டீங்க?"

"லைட்டுதாங்க போட்டேன்."

"அணைங்க மொதல்ல!"

அன்றோடு லைனில் எல்லோருக்கும் நிம்மதி போயிற்று. ஃபேனை நிறுத்தச் சொன்னார், ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னார், கண்ணில் பட்ட மொபைல் சார்ஜரையெல்லாம் பிடுங்கினார். தெருமுனை டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்தே கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார். உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார். "எவன் காரணம்னு தெரியட்டும், நாலு பேரு முன்னால வெச்சிக் கேப்பேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சபதம் வேறு.

கடைசியில் மீட்டர் போர்டில் தன் போர்ஷனுடையதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஃபியூஸ் கட்டைகளையெல்லாம் பிடுங்கிவிட்டார். அக்காவின் கிரைண்டர் பாதி மாவில் நின்றது. ஓனர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"சார், வர்ற ஞாயித்துக்கெழம வூட்டக் காலி பண்ணிடுங்க."

உஷ் சார் ஆடிப்போனார். குற்றம் கரண்டில்தான் என்று நிரூபித்துவிட்டால் ஓனர் மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. சனிக்கிழமை இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கரண்ட் கம்பியே இல்லாத இடம் தேடிப் பென்னாகரம் தாண்டிக் காட்டோரம் போனார். ஒரு புளிய மரத்தடியில் கண்ணை மூடி ஹெட்போனை மாட்டினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்து பார்த்தார்.

"என்னாங்க, டவரு வெக்கறீங்களா?"

"உஷ்!"

"எங்க ஊருல சிக்னலே இல்லீங்க. நல்லா ஒசரமா வைங்க."

பொரபொரப்பு அங்கேயும் வந்துவிட்டது. இன்வெர்ட்டரின் உறுமல் வேறு துணைக்குச் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ. பக்கெட்டும் படுக்கையும் ஏறியாகிவிட்டது. மனுஷன் ஹெட்போனையும் அதன் பெட்டியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எங்காதுதான் போயிடுச்சோ என்னமோ. நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்று என் போர்ஷன் பிளக்கில் சொருகிக் கொடுத்தார்.

"பொரியுதுங்க. வலது காதுல."

"இடதுங்க!"

"இல்லீங்க, வலதுதான்."

கிட்டே வந்து பார்த்தார். நான் ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருந்தேன். "அப்ப காதுல இல்ல! மிஷினுலதான்!" என்று கத்தினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து இடது பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார். லைனே சுற்றி நின்றது.

உள்ளே சல்லடை ஓட்டையெல்லாம் குங்குமம்.

எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அக்கா கிரைண்டர், மோட்டார், பைக் எதையும் விடமாட்டார். சார் உயிராக வைத்திருக்கும் மிஷினாயிற்றே என்று கதவைத் திறந்து அதற்கும் தாராளமாகப் பொட்டு வைத்திருக்கிறார். அது காய்ந்து உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சபதம் போட்டபடியே நாலு பேரும் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓனர் மன்னிப்புக் கேட்டு ஆட்டோவைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

உஷ் சார் அக்காவை ஒருதரம் பார்த்தார்.

"நான் வெச்சதுதாங்க" என்றார். "ஊருக்குப் போறப்ப நானே வெச்சிட்டு மறந்துட்டேன்."

"பாத்தீங்களா! தப்பெல்லாம் உங்க மேல, புடுங்குனது எங்க ஃபியூசையா?" என்று ஓனர் எகிறினார்.

அக்கா ஆட்டோவிலிருந்து பக்கெட்டை இறக்கினார். "ஏங்க, கத்தாதீங்க. பொட்டு நான் வெச்சது" என்று சொல்லிக்கொண்டே அதை சாருடைய போர்ஷனுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஓனர் கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு படுக்கையை அவரே இறக்கினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு உஷ் சார் ஊருக்குப் போகவில்லை. ஹெட்போனை பாலிதீன் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அக்காவின் கிரைண்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். "கவரு மேல வைங்கக்கா. நல்லாப் பெருசாவே வைங்க."

நான் வேறு வீடு மாறியாகிவிட்டது. இங்கே மிக்ஸியும் மோட்டாரும் இஷ்டத்துக்கு ஓடுகின்றன, கேட்பாரில்லை. சில சமயம் சட்னி அரைக்கும்போது பாதியில் மிக்ஸியை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு "உஷ்" வராதா என்று காத்திருக்கிறேன்.