ஜாடிக்குத் தினமும் மூன்று ஸ்பூன்

"இனிமே இந்த வீட்ல கொம்புச்சா தயார் பண்ணப்போறேன். நானே!" என்று அவர் அறிவித்தபோது மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

வெளியே அவர் பயந்தாங்கொள்ளி அல்ல. லிஃப்ட் ஆய்வாளர். பதினெட்டாவது மாடிக்கும் மேலே, அறுந்தால் அவ்வளவுதான் என்கிற கம்பிக்கயிற்றின் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்து, 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போடுகிறவர். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் தைரியம் செருப்போடு வெளியே நின்றுவிடும். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளர். டாக்டர்களின் கையெழுத்தையே தடுமாறாமல் படிக்கிறவளுக்குக் கணவனின் முகம் எம்மாத்திரம்?

"கொம்புச்சாவா? குடிச்சா கொம்பு முளைக்குமா?"

"டீயைப் புளிக்க வெச்சுச் செய்யறதும்மா. வயித்துக்கு ரொம்ப நல்லது. எங்க ஆபீஸ்ல கயிறு வாரா வாரம் பண்றார்."

கயிறு என்பது ஒரு மனிதர். லிஃப்ட் கயிறுகளைச் சோதிப்பதில் நிபுணர். மற்ற நேரங்களில் திரிப்பார்.

"என்னென்ன வேணும்?"

"தண்ணி, டீத்தூள், ஒரு கண்ணாடி ஜாடி..." அவர் குரல் இரண்டு மாடி கீழே இறங்கியது. "கொஞ்சம் சக்கரை."

கத்தி நின்றது.

இரண்டரை மாதமாக அந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழைந்ததில்லை. டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மாத்திரையோடு போகும். இறங்காவிட்டால் தினமும் ஊசி. பதினெட்டாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மனிதருக்கு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே காது அடைத்துக்கொள்ளும். அதே சமயம், சர்க்கரை இல்லாத டீயைக் குடிக்கும்போதெல்லாம் தான் உயிரோடு இருப்பது எதற்காக என்ற கேள்வியும் எழும். இந்த இழுபறியில் பிறந்ததுதான் கொம்புச்சா திட்டம்.

"சக்கரை எனக்கில்லம்மா. உள்ள ஒரு காளான் மாதிரி இருக்கும், அதுக்கு. எல்லாத்தையும் அதுவே தின்னுடும். நமக்கு மிஞ்சறது வெறும் புளிப்புதான்."

"எவ்வளவு திங்கும்?"

"முதல் நாள் ஒரு கப். அப்புறம்..." இந்த இடத்தில் அவர் கயிற்றையே மிஞ்சினார். "அப்புறம் தினமும் மூணு ஸ்பூன். போடலைன்னா பட்டினியில செத்துடும்."

அப்படியொரு விதி எங்கும் கிடையாது. முதல் நாள் போட்டால் போதும், பிறகு ஜாடியைத் தொடவே கூடாது என்றுதான் கயிறு சொல்லியிருந்தார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு மருந்துச்சீட்டைப் படிக்கிற நேரம்.

"பாவம், வாயில்லா ஜீவன்" என்றாள். "சக்கரையை நானே வாங்கிட்டு வந்துடறேன்."

இவ்வளவு சுலபமாகவா? எங்கேயும் தட்டாமல் தடுக்காமல் ஓடுகிற லிஃப்டைத்தான் அவர் எப்போதும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

மறுநாள் கயிறு அதை ஒரு பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார். வெளுத்த, வழுவழுப்பான, வட்டமான ஒரு தோல். பாதி உயிர் வந்து பாதியில் நின்றுவிட்டதைப் போல இருந்தது.

"இதுக்குப் பேரு தாய். மரியாதையா வெச்சுக்கணும்" என்றார் கயிறு.

மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மேல மிதந்துக்கிட்டே கீழ நடக்கறதையெல்லாம் பாக்குது. உங்க அம்மா ஜாடைதான்."

அன்று மாலை அவர் தண்ணீர் கொதிக்கவைத்து, டீத்தூள் போட்டு, மனைவி நிரப்பிவைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். பளபளவென்று மணிமணியாகச் சர்க்கரை. இரண்டரை மாதம் கழித்து! அரை கப் ஜாடிக்குப் போனது. மீதி அரை கப், அவருடைய கருவிப் பையில் ஸ்க்ரூ போட்டுவைக்கிற டப்பாவுக்குப் போனது. டீ ஆறியதும் தாயை உள்ளே இறக்கி, ஜாடியின் வாயில் மெல்லிய துணி கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியில் வைத்தார். தாய் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது. அதற்குக் கண் கிடையாது என்று அவரே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் வீட்டுக்கு வருவது ஐந்தரைக்கு. மனைவி வருவது ஏழுக்கு. நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஜாடிக்கு என்று அளந்த மூன்று ஸ்பூனும் அவருடைய டீக்குள் இறங்கின. குடிப்பது இரண்டு நிமிடம். நடுங்குவது மீதி நேரம் முழுவதும். கட்டடத்தின் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர்கள் குடியிருந்த நான்காவது மாடி வந்தால் ஒரு 'டக்', அதற்குப் பிறகு ஒரு முனகல். அந்த 'டக்' கேட்டால் வாயிலிருப்பதைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் கன்னம் உப்பி நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் முனகலோடு இறங்கிப் போவார்.

டீ இனித்தது. தொண்டையில் மட்டும் லேசாகச் சில்லென்று ஏதோ இறங்கியது. பயத்துக்கு அப்படியொரு குளிர்ச்சி உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி தினமும் செருப்பைக் கழற்றும்போதே விசாரிப்பாள்.

"சாப்பிட்டாங்களா?"

"யா... யாரு?"

"உங்க அம்மா. ஜாடியில இருக்கறவங்க."

"ஆச்சு. மூணு ஸ்பூன்."

"ருசிச்சுதாமா?"

"அதுக்கு ருசி எல்லாம் தெரியாதும்மா."

"ஏன், தினமும் சாப்பிடற ஜீவனுக்கு ருசி தெரியாதா என்ன?"

அவர் ஏற்கனவே கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவப் போய்விடுவார்.

ஒன்பதாம் நாள் மாலை, துணியைத் தூக்கிப் பார்த்தார். தாயின் மேல் பச்சையாக ஒரு வட்டம். அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. இரண்டிலும் முடி முளைத்திருந்தது.

கயிற்றுக்குப் போன் போட்டார்.

"பச்சையாவா? முடியோடவா?" கயிறு குரலைத் தாழ்த்தினார். அவர் உண்மை பேசும்போது மட்டும் அப்படித்தான் பேசுவார். "சார், அது பூஞ்சை. ஜாடியோட கொட்டிடுங்க. குடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்."

"எதனால சார் வருது?"

"பட்டினி போட்டா வரும். சக்கரையில கை வெச்சீங்களா?"

"நான் எதுக்கு சார் வெக்கப்போறேன்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். கை ஸ்க்ரூ டப்பாவின் மேல் இருந்தது. ஒரு தாயைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார். அடுத்த நாள் சீக்கிரம் வந்து கொட்டிவிட வேண்டும், 'கை தவறிடுச்சு' என்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தபோது 'டக்' கேட்டது. இந்த முறை மனைவியேதான்.

பத்தாம் நாள் ஐந்து மணிக்கே ஓடி வந்து கதவைத் திறந்தார். மேசை மேல் ஜாடி. பக்கத்தில் வடிகட்டி. வடிகட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர். டம்ளர்களுக்குப் பின்னால் மனைவி.

"அரை நாள் லீவு போட்டுட்டேன்" என்றாள். "பத்து நாள் ஆச்சே. நாளைக்குக் காலைல உங்களுக்கு ரத்தப் பரிசோதனை வேற. ரெண்டு பேரும் ஒரு வாய் குடிச்சிடலாம்னு."

"மேல... மேல ஏதாவது இருந்துச்சா?"

"பச்சையா இருந்துச்சு. அதுதான் சத்தா இருக்கும்னு நல்லா கலக்கிட்டு வடிகட்டினேன்."

ஒரு மருந்தாளர் இப்படிப் பேசுவாளா என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் புளிக்கட்டுமே."

"இதுவே மூக்கைத் துளைக்குது."

"நீ வெறும் வயித்துல இருப்பியே."

"இப்பதான் சாப்பிட்டேன்." அவள் டம்ளரைத் தூக்கினாள்.

அவருக்கு ஒரு பக்கம் ஊசி தெரிந்தது. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி தெரிந்தாள். டம்ளர் மோவாயைத் தாண்டியது. உதட்டைத் தொட்டது.

"குடிக்காதே!"

பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்தார். கால்வாசி அவர் சட்டையில் கொட்டியது.

"அது விஷம்மா! பூஞ்சை! பட்டினியில வந்த பூஞ்சை!"

"பட்டினியா? தினமும் மூணு ஸ்பூன் போட்டீங்களே?"

"போடலை."

"அப்போ அந்தச் சக்கரை எங்க போச்சு?"

"டீக்குள்ள போச்சு."

"டீ எங்க போச்சு?"

அவர் தன் வயிற்றைக் காட்டினார்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"பரிசோதனையை ஒரு மாசம் தள்ளிப்போடலாமா? கெஞ்சிக் கேக்கறேன். கண்டிப்பா ஏறியிருக்கும். டாக்டர் ஊசின்னு சொல்லிடுவார்."

"ஒண்ணும் ஏறியிருக்காது."

"எப்படி ஏறாம இருக்கும்? இருபத்துநாலு ஸ்பூன்! முதல் நாள் அரை கப் வேற!"

"அரை கப்பா?" அவள் புருவம் உயர்ந்தது. "அது எனக்குத் தெரியாதே."

கேட்காததையும் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தபோது, கருவிப் பை தானாகவே அவள் பக்கம் நகர்ந்தது. நகர்த்தியது அவர் கால்தான்.

அவள் இரண்டு டம்ளரையும் தொட்டியில் கவிழ்த்தாள். ஜாடியையும் கவிழ்த்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகுதான் பேசினாள்.

"அந்த டப்பாவில இருந்தது சக்கரையே இல்லைங்க. சக்கரை ஆகாதவங்களுக்குன்னு எங்க கடையில விக்கிற இனிப்பு. பாக்கறதுக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ரத்தத்துல ஏறாது. தொண்டையில மட்டும் லேசா சில்லுங்கும். நீங்க தினமும் மூணு ஸ்பூன்னு சொன்னப்பவே யாரு திங்கப்போறாங்கன்னு புரிஞ்சுபோச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதாவது, உட்கார நினைத்த இடத்தில் நாற்காலி இருந்தது. ஊசி இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. பத்து நாள் பயம் ஒவ்வொரு மாடியாக இறங்கித் தரைக்கு வந்து சேர்ந்தது. தரைக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க" என்றார், சட்டையைப் பிழிந்துகொண்டே. "அப்படியே சக்கரை மாதிரியே இருந்துச்சு. அதைக் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது."

மனைவி வடிகட்டியில் செத்துக் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்குக் கண்ணு கிடையாது, நாக்கு கிடையாது, மூளையும் கிடையாது" என்றாள். "இதுக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."